அப்டேட்டுக்குப் பின் வைஃபை போன மடிக்கணினியும் ஹட்டன் மாடிக் கடையும்: ஒரு வாடிக்கையாளரின் மதிப்பீடு

ஹட்டன் நகரில், புடவைக் கடை ஒன்றின் பக்கத்தில் ஏறும் ஒடுங்கிய படிக்கட்டின் மேலே, இரண்டு மேசைகளும் ஒரு கண்ணாடி அலுமாரியும் மாத்திரமே கொண்ட கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்று இருக்கிறது. உரிமையாளரும் அவரிடம் வேலை பழகும் ஓர் இளைஞரும் தவிர அங்கே வேறு ஆளில்லை. ஏற்கனவே வரும் வேலையையே முடித்துக்கொடுக்க நேரம் போதவில்லை என்பதால் பெயரை எழுத வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளை மதித்துப் பெயரை விட்டுவிட்டு, அங்கு நடக்கும் வேலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இயங்குதள அப்டேட்டுக்குப் பிறகு வைஃபை அற்றுப்போகும் மடிக்கணினிகளைப் பொறுத்தவரை, கொட்டகலை, தலவாக்கலை, டிக்கோயா, பொகவந்தலாவை ஆகிய பகுதிகளில் உள்ளவர்கள் வேறெங்கும் அலையாமல் முதலில் போக வேண்டிய இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. அவ்வாறு சொல்வதற்கான காரணத்தை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இந்தக் கடையின் சிறப்பு அதன் விலையிலோ வசதியிலோ இல்லை. பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் முறையில்தான் இருக்கிறது.

என் தங்கையின் மகள் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெறுகிறாள். பாடத்திட்டக் குறிப்புகள், ஒப்படைகள், கற்பித்தல் பயிற்சிக்கான படங்கள் எல்லாம் ஒரே மடிக்கணினியில்தான் இருக்கின்றன. விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் முடிவடைந்ததால், பலரையும் போல அவளும் விண்டோஸ் 11 இற்கு மாறினாள். மாற்றம் சிக்கலில்லாமல் முடிந்தது. கோப்புகள் இருந்தன, தமிழ் எழுத்துருக்கள் இருந்தன, அச்சுப்பொறிகூட இருந்தது. ஆனால் திரையின் வலது கீழ் மூலையில் வைஃபை அடையாளம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் உலக உருண்டை தெரிந்தது. அதை அழுத்தினால் விமானப் பயண நிலைக்கான பொத்தான் மட்டும் வந்தது. வைஃபை பொத்தான் அணைந்திருந்தது என்றுகூடச் சொல்ல முடியாதபடி, அப்படி ஒரு பொத்தானே அங்கு இல்லை.

இதை வெறும் அசௌகரியம் என்று நினைப்பவர்கள் மலையகத்தின் நிலைமையை அறியாதவர்களாக இருக்க வேண்டும். இப்போது விற்கப்படும் மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் வலைக்கம்பி செருகும் துளையே கிடையாது. பெரும்பாலான வீடுகளில் கம்பி வழி இணையமும் இல்லை. தொலைபேசி ஹொட்ஸ்பொட், அல்லது சிம் அட்டை போட்ட ரூட்டர், இவைதான் வழி. ஆகவே வைஃபை போனால் கணினி உலகத்திலிருந்து முழுவதுமாகத் துண்டிக்கப்படுகிறது. பழுதைச் சரிசெய்யத் தேவையான, கணினியின் உட்பாகங்களை இயக்கும் ட்ரைவர் மென்பொருளோ இணையத்தில் இருக்கிறது. கண்டிக்குக் கொண்டுபோகலாம் என்றால், நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போய்த் திரும்புவதற்குள் ஒரு நாள் போய்விடும். மழைக்காலத்தில் மண்சரிவு காரணமாகப் பாதை மூடப்பட்டால் அதுவும் நிச்சயமில்லை. அருகிலேயே நம்பத் தகுந்த ஒருவர் இருப்பது இங்குள்ள மாணவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன் வேறொரு நகரிலுள்ள பழுதுபார்க்கும் இடத்தில் கணினியைக் காட்டினோம். அங்கு அதைத் திறந்து சில நிமிடங்கள் பார்த்துவிட்டு, வைஃபை அட்டை எரிந்துவிட்டது, தாய்ப்பலகையிலும் பாதிப்பு இருக்கக்கூடும், முதலில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். என்ன சோதனை செய்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை. அதற்கு மேல் அவர்களைப் பற்றி எழுத எதுவுமில்லை.

ஹட்டன் கடையில் கணினியைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேள்விகள் தொடங்கின. கடைக்காரர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், சத்தமில்லாமல் பேசுபவர். "தங்கச்சி, வைஃபை வேலை செய்யலன்னா எப்படி? பட்டனே இல்லையா, பட்டன் இருந்து பேர் ஒன்னும் வரலையா, இல்ல கனெக்ட் ஆகியும் நெட் வரலையா?" என்று கேட்டார். பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் இந்த மூன்றும் மூன்று வேறு பழுதுகள் என்பதை அவர் விளக்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பொத்தானே இல்லையென்றால், வைஃபை அட்டையை இயங்குதளம் அடையாளம் காணவில்லை அல்லது அதை இயக்க முடியவில்லை. தேட வேண்டிய இடம் கணினிக்குள்ளே இருக்கிறது. பொத்தான் இருந்து வலையமைப்புகளின் பெயர்கள் மட்டும் வராவிட்டால், அட்டைக்கும் ரூட்டருக்கும் இடையிலுள்ள அலைவரிசை, பாதுகாப்பு முறை, அன்டெனாக் கம்பி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இணைந்த பிறகும் இணையம் வரவில்லையென்றால் வைஃபை சரியாகவே இருக்கிறது. கணினிக்கான வலையமைப்பு முகவரி அமைப்பிலோ ரூட்டரிலோ சேவை வழங்குநரிடமோ குறை இருக்கலாம், சில வேளைகளில் டேட்டா முடிந்திருக்கவும் கூடும். இந்த மூன்றையும் பிரிக்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக, வலையமைப்பு அமைப்புகளை முதல் நிலைக்குக் கொண்டுபோகும் நெட்வொர்க் ரீசெட் செய்யச் சொல்லும் காணொளிகளால்தான் பலருடைய கணினிகள் மேலும் குழம்பிய நிலையில் தன்னிடம் வருகின்றன என்று அவர் வருத்தத்தோடு சொன்னார்.

அடுத்து அவர் செய்த சோதனை, முந்தைய இடத்தின் தீர்ப்பை ஒரு நிமிடத்தில் கேள்விக்குள்ளாக்கியது. புளூடூத்தை இயக்கி, மேசையிலிருந்த சிறிய ஒலிபெருக்கியோடு இணைத்துப் பார்த்தார், பாட்டு ஒலித்தது. பெரும்பாலான மடிக்கணினிகளில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே அட்டையில்தான் இருக்கின்றன. ஆனால் அந்த அட்டை கணினியோடு இரண்டு வெவ்வேறு வழிகளில் பேசுகிறது: புளூடூத் பகுதி யூஎஸ்பி வழியாகவும், வைஃபை பகுதி பொதுவாக வேறொரு பாதை வழியாகவும் தொடர்புகொள்கின்றன. எனவே புளூடூத் வேலை செய்கிறது என்றால், அட்டைக்கு மின்சாரம் போகிறது, அது தன் இடத்தில் சரியாக அமர்ந்திருக்கிறது, முழுவதுமாக எரிந்துபோகவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். வைஃபை பகுதி மட்டும் தனியாகப் பழுதடைய முடியாது என்று இதனால் நிரூபணமாகிவிடாது என்பதையும் அவரே சொன்னார். இருந்தாலும், எரிந்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனை இது. செலவும் இல்லை, திருப்புளியும் தேவையில்லை.

அதன் பிறகு கணினியிலுள்ள சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வேலை செய்தார். வலையமைப்பு அட்டைகளின் பட்டியலில் வைஃபை அட்டையின் பெயர் இருந்தது. அதன் மேல் மஞ்சள் முக்கோணம். அதை இரண்டு முறை அழுத்தியபோது சாதனத்தைத் தொடங்க முடியவில்லை என்ற செய்தியும் கோட் 10 என்ற இலக்கமும் வந்தன. இந்த இலக்கங்களுக்குப் பொருள் உண்டு. கோட் 28 என்றால் ட்ரைவர் நிறுவப்படவேயில்லை. கோட் 22 என்றால் யாரோ அந்தச் சாதனத்தை முடக்கி வைத்திருக்கிறார்கள், மீண்டும் இயக்கினால் போதும். கோட் 45 என்றால் சாதனம் தற்போது கணினியோடு இணைந்திருக்கவில்லை. கோட் 10 வந்தால் அட்டை தெரிகிறது, ஆனால் அதை எழுப்ப முடியவில்லை. ட்ரைவர் பொருந்தாமல் இருக்கலாம், அல்லது அட்டை ஓர் இடைநிலையில் சிக்கிக்கொண்டிருக்கலாம். பட்டியலில் அட்டையே தென்படாவிட்டால், மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டும் தெரிவை இயக்கிப் பார்க்க வேண்டும். மங்கிய எழுத்தில் தெரிந்தால் கணினி அதை முன்பு அறிந்திருந்தது, இப்போது காணவில்லை என்று பொருள்.

இடைநிலையில் சிக்கியிருக்கும் சாத்தியத்தை அவர் முதலில் எடுத்துக்கொண்டார். இங்கே அவர் சொன்ன ஒரு விடயம் எல்லோருக்கும் பயன்படும். விண்டோஸ் 8 வந்த காலத்திலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்றொரு வசதி இருக்கிறது. அது இயங்கும்போது, நாம் ஷட் டவுன் செய்தாலும் இயங்குதளத்தின் உட்பகுதி அன்றிருந்த நிலையிலேயே வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அதே நிலையில் திரும்ப ஏற்றப்படுகிறது. ஆகையால் கணினியை இரவு அணைத்துக் காலையில் போட்டும் பழுது போகவில்லை என்று சொல்பவர்கள் உண்மையில் அதை முழுமையாக அணைக்கவில்லை. ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்குகிறது. அல்லது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ஷட் டவுன் கொடுக்க வேண்டும். அவர் இரண்டாவது முறையில் அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மின் பொத்தானை அரை நிமிடம்போல் அழுத்திப் பிடித்து, பலகையில் மிஞ்சியிருந்த மின்னேற்றத்தை வெளியேற்றினார். அப்டேட்டின்போது மயங்கிப்போன அட்டைகள் பல இந்த ஒரு செயலிலேயே விழித்துக்கொள்கின்றன என்றார். எங்கள் கணினியில் மஞ்சள் முக்கோணம் அப்படியே இருந்தது.

மிஞ்சியது ட்ரைவர். பழைய ட்ரைவருக்குத் திரும்பும் ரோல் பேக் பொத்தான் மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தது. முந்தைய பதிப்பு சேமிக்கப்பட்டிருந்தால் மட்டுமே அது இயங்கும். ட்ரைவரின் திகதியைப் பார்த்தபோதுதான் விடயம் புரிந்தது. விண்டோஸ் 10 காலத்து ட்ரைவர் எந்த மாற்றமும் இல்லாமல் விண்டோஸ் 11 இற்குள் வந்து அமர்ந்திருந்தது. புதிய இயங்குதளத்துக்கான பதிப்பைக் கணினித் தயாரிப்பாளர் தம் இணையத்தளத்தில் வெளியிட்டிருந்தார்கள். ஆனால் அது இந்தக் கணினிக்கு வந்து சேரவில்லை. அதாவது குறை அட்டையிலும் இல்லை, தாய்ப்பலகையிலும் இல்லை.

இந்த இடத்தில் அவர் காட்டிய வழியை இங்குள்ள ஒவ்வொரு மாணவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். தங்கை மகளின் தொலைபேசியை வாங்கி, யூஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்து, தொலைபேசியின் ஹொட்ஸ்பொட் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங் என்பதை இயக்கினார். சில விநாடிகளில் கணினிக்கு இணையம் வந்துவிட்டது. வைஃபையே தேவையில்லை, அன்ட்ரொய்ட் தொலைபேசியைக் கணினி ஒரு கம்பி வழி வலையமைப்பாக ஏற்றுக்கொள்கிறது. ஒன்றை எடுக்க மற்றொன்று வேண்டும் என்ற சிக்கல் இத்துடன் அறுபட்டது. ட்ரைவரை அவர் தேடிய விதத்திலும் ஒழுங்கு இருந்தது. ட்ரைவர்களைத் தானாகவே கண்டுபிடித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் மூன்றாந்தரப்பு மென்பொருள்கள் எதையும் அவர் தொடவில்லை. கணினியின் அடியிலிருந்த ஸ்டிக்கரில் முழு மாதிரி இலக்கத்தைப் பார்த்து, தயாரிப்பாளரின் சொந்தத் தளத்துக்குப் போனார். தரவிறக்கிய கோப்பு அட்டைக்குப் பொருந்துமா என்பதை, டிவைஸ் மேனேஜரில் அட்டையின் விபரங்களுக்குள் இருக்கும் அடையாள இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த இலக்கத்தின் முற்பகுதி அட்டையை உருவாக்கிய நிறுவனத்தைக் குறிக்கிறது. 8086 என்று தொடங்கினால் அது இன்டெல். ஒரே மாதிரி மடிக்கணினிக்குள்ளேயே வெவ்வேறு நிறுவன அட்டைகள் வரக்கூடும் என்பதால் இந்த ஒப்பீட்டை விட்டுவிடக் கூடாது என்றார். பழைய ட்ரைவரை, அதன் கோப்புகளையும் சேர்த்து நீக்கும் தெரிவோடு அகற்றினார். அப்படிச் செய்யாவிட்டால் அடுத்த முறை கணினி தேடும்போது பழையதையே மீண்டும் எடுத்துக்கொள்ளும். புதியதை நிறுவி ரீஸ்டார்ட் செய்தபோது உலக உருண்டை போய் வைஃபை அடையாளம் வந்தது.

அவர் செய்யாமல் விட்டவற்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு பழுதுபார்ப்பவரின் தரம் அதிலும் தெரிகிறது. நெட்வொர்க் ரீசெட் செய்யவில்லை. அது எல்லா வலையமைப்பு அட்டைகளையும் அகற்றி மீண்டும் நிறுவுகிறது. சேமித்த வைஃபை கடவுச்சொற்கள் எல்லாம் போய்விடும். விபிஎன் மென்பொருள் இருந்தால் அதையும் திரும்ப நிறுவ வேண்டி வரும். பொருந்தாத ட்ரைவரை அகற்றித் திரும்பவும் அதே ட்ரைவரைப் போடுவதால் என்ன பயன்? கருந்திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து முகவரிகளைப் புதுப்பிக்கும் வேலையையும் செய்யவில்லை. அவை இணைந்தும் இணையம் வராத மூன்றாவது வகைக்கு உரியவை. விண்டோஸ் 10 இற்கே திரும்பிப் போகலாமா என்று நான் கேட்டேன். மாறிய நாளிலிருந்து 10 நாட்களுக்குள் என்றால் அந்த வழி திறந்திருக்கும், ஆனால் ஆதரவு முடிந்த இயங்குதளத்துக்குத் திரும்பிப்போவது தீர்வாகாது என்று பொறுமையாக விளக்கினார். கோப்புகளை அழித்துப் புதிதாக நிறுவும் பேச்சு ஒரு தடவைகூட எழவில்லை.

விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை மென்பொருளான பயோஸ் அமைப்புக்குள் சென்று அட்டை முடக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க விரும்பியபோது அவர் எடுத்த முன்னெச்சரிக்கையை இங்கே தனியாகக் குறிப்பிடுகிறேன். விண்டோஸ் 11 உள்ள பல கணினிகளில் வட்டு தானாகவே மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். பயோஸில் சில மாற்றங்களைச் செய்தால், அடுத்த முறை திறக்கும்போது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவுகோலைக் கணினி கேட்கும். அது கையில் இல்லையென்றால் கோப்புகள் எல்லாம் உள்ளே பூட்டப்பட்டுவிடும். அவர் முதலில் தங்கை மகளை அவளுடைய மைக்ரோசொஃப்ட் கணக்கைத் தொலைபேசியில் திறக்கச் செய்து, அந்த இலக்கங்களை ஒரு தாளில் எழுதவைத்து, தாளை அவளிடமே வைத்திருக்கச் சொன்னார். கடைக்காரர் அதைப் படம் எடுத்துக்கொள்ளவில்லை என்பதையும் நான் கவனித்தேன். பயிற்சிக் காலத்து உழைப்பு முழுவதும் ஒரு வட்டில் இருக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அக்கறையை ஒரு கடைக்காரரிடம் எதிர்பார்க்க முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகு இன்னொரு சிக்கல் எழுந்தது. தொலைபேசி ஹொட்ஸ்பொட் கணினியில் தெரிந்தது. பக்கத்து வீட்டு வைஃபை தெரிந்தது. எங்கள் ரூட்டரின் பெயர் மட்டும் வரவில்லை. கடைக்குத் தொலைபேசியில் அழைத்தபோது, மறுபடி கொண்டுவாருங்கள் என்று சொல்லாமல், அழைப்பிலேயே சரிசெய்ய முயன்றார். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தை என் தொலைபேசியில் திறக்கச் செய்து, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் எந்தச் சனல் (அலைவரிசையின் உட்பிரிவு) என்று கேட்டார். 13 என்று இருந்தது. இந்த அலைவரிசையில் பல நாடுகளில் 13 வரையான சனல்களைப் பயன்படுத்தலாம். அமெரிக்காவில் புழக்கத்தில் இருப்பவை 11 வரைதான். புதிய ட்ரைவர் கணினியை அமெரிக்க விதிகளின்படி இயங்கும் ஒன்றாக எடுத்துக்கொண்டால், 12 ஆம், 13 ஆம் சனல்களில் ஒலிபரப்பும் ரூட்டர் அதற்குத் தெரியவே தெரியாது. தானாகத் தெரிவுசெய்யும் நிலையிலிருந்து மாற்றி, ஒன்றோடொன்று மேற்படியாத 1, 6, 11 ஆகிய சனல்களில் நெரிசல் குறைந்த ஒன்றைப் போடச் சொன்னார். 6 இற்கு மாற்றியதும் பெயர் வந்தது. இதற்கென்று தனியாகக் காசு கேட்கவில்லை.

நாங்கள் அங்கு இருந்த வேளையில் இன்னொருவர் கொண்டுவந்த பழைய கணினியில் அட்டை உண்மையிலேயே செத்திருந்தது. புளூடூத்தும் இல்லை, பட்டியலில் பெயரும் இல்லை, அட்டையைக் கழற்றி வேறொன்றைச் செருகியபோது உடனே தெரிந்தது. அவருக்குப் புதிய உள் அட்டை, யூஎஸ்பியில் செருகும் சிறிய வைஃபை டொங்கல் என்ற இரண்டு தெரிவுகளையும் விலையோடு சொன்னார். டொங்கல் மலிவு, ஆனால் மிகச் சிறியவை பலவும் 2.4 ஜிகாஹெர்ட்ஸில் மாத்திரம் இயங்குபவை, ஒரு யூஎஸ்பி துளையையும் எடுத்துக்கொள்ளும். லயன் அறைகளில் ரூட்டர் ஒரு வீட்டிலும் கணினி அடுத்த வீட்டிலும் இருக்கும் நிலையில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி 5 ஜிகாஹெர்ட்ஸைவிட நன்றாகவே வரும் என்பதால், அதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். உள் அட்டையைத் தாமாக இணையத்தில் வாங்கி வருபவர்களுக்கு அவர் கொடுக்கும் எச்சரிக்கை ஒன்று உண்டு: இன்டெல்லின் சில அட்டைகளில் வைஃபையின் ஒரு பாதி கணினியின் பிரதான சில்லுத் தொகுதிக்குள்ளேயே இருக்கிறது. அவை பொருத்தமான கணினியில் மட்டுமே வேலை செய்யும். துளை பொருந்துகிறது என்பதற்காக வாங்கிவிடக் கூடாது.

குறைகளும் இருக்கின்றன. வேலை முடிந்ததும் கொடுத்த பற்றுச்சீட்டில் சொஃப்ட்வெயார் வேலை என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன பழுது, எந்த ட்ரைவர் பதிப்பு நிறுவப்பட்டது என்று எழுதித் தரும்படி நான் கேட்ட பிறகுதான் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். இவ்வளவு தெளிவாக வேலை செய்பவர் அதைக் கேட்காமலே தர வேண்டும். அடுத்த அப்டேட்டில் அதே பழுது வந்தால் அந்தக் குறிப்புத்தான் உதவும். உட்கார இரண்டு நாற்காலிகள்தான் உள்ளன, மாலையில் பாடசாலை விட்ட பிறகு படிக்கட்டிலேயே நிற்க வேண்டியிருக்கிறது. உதிரிப்பாகங்கள் அதிகம் வைத்திருப்பதில்லை. உள் அட்டை தேவைப்பட்டால் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். வேலை நடக்கும்போது தொலைபேசியை எடுப்பதில்லை, இது தூரத்துத் தோட்டங்களிலிருந்து அழைப்பவர்களுக்குச் சிரமம். கோப்புகளைப் பிரதி எடுத்து வைப்பதும் கேட்டால் மட்டும் செய்யப்படுகிறது. முதல் இரண்டும் எளிதில் திருத்தக்கூடியவை; திருத்த வேண்டும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

கட்டணத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. பரிசோதனைக்கு 1,000 ரூபா. வேலையைத் தொடர்ந்து அங்கேயே செய்தால் அந்தத் தொகை மொத்தக் கட்டணத்தில் கழிக்கப்படுகிறது. பழுது கண்டுபிடிக்கப்பட்ட பிறகு வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு போனாலும் அவர் முகம் கோணுவதில்லை. தொகையை வேலை தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்.

கணினியைத் திருப்பிக் கொடுக்கும்போது அப்டேட்டுகளை நிறுத்திவிடச் சொல்லவில்லை என்பதும் எனக்கு நிறைவைத் தந்தது. பாதுகாப்புக்கான திருத்தங்கள் அவற்றின் வழியாகத்தான் வருகின்றன. அதற்குப் பதிலாக, விண்டோஸ் 11 இல் 5 வாரங்கள் வரை அப்டேட்டைத் தள்ளிவைக்கலாம் என்றும், பரீட்சை அல்லது ஒப்படைக் காலத்தில் அதைப் பயன்படுத்தலாம் என்றும் காட்டிக்கொடுத்தார். மட்டுப்படுத்தப்பட்ட டேட்டா பொதி பாவிப்பவர்கள் தம் ஹொட்ஸ்பொட்டை மீட்டர்ட் (டேட்டா அளவு வரையறுக்கப்பட்ட) இணைப்பாகக் குறித்துவைத்தால் பெரிய அப்டேட்டுகள் கேட்காமல் இறங்குவதும் குறையும், டேட்டாவும் மிஞ்சும். வைஃபை ட்ரைவரின் நிறுவற் கோப்பைப் பென் ட்ரைவ் ஒன்றில் போட்டும் கொடுத்தார். அடுத்த முறை இணையமே இல்லாவிட்டாலும் அதிலிருந்து நிறுவிக்கொள்ளலாம்.

போகிறவர்களுக்குச் சில விபரங்கள். ஞாயிற்றுக்கிழமையும் போயா தினங்களிலும் கடை மூடியிருக்கும். மற்ற நாட்களில் காலை நேரத்தில் போனால் காத்திருக்க வேண்டியதில்லை. எளிய ட்ரைவர் வேலையென்றால் நின்றே வாங்கிக்கொண்டு வரலாம். மடிக்கணினியோடு அதன் சார்ஜரையும், கணினியின் கடவுச்சொல் தெரிந்தவரையும், மைக்ரோசொஃப்ட் கணக்கு திறந்திருக்கும் தொலைபேசியையும் கொண்டுபோக வேண்டும். முடிந்தால் வீட்டு ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசிக் கேபிளும் தேவைப்படும். ஆனால் மலிவு விலைக் கேபிள்கள் சில சார்ஜ் மட்டுமே ஏற்றும், தரவைக் கடத்தாது, அவற்றால் டெதரிங் செய்ய முடியாது. தொலைபேசியோடு பெட்டியில் வந்த கேபிளையே எடுத்துக்கொண்டு போங்கள்.